பொதுமக்கள் பெஞ்சு

பெயிண்ட் கடை,
வியாபாரமில்லாத மத்தியானம்.

என்றும் என் எதிர்த்தரப்பான கம்பவுண்டர் அண்ணனுக்கு,

பெயிண்ட் கடைத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சாக்கடையைத் தவிர எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே உங்கள் உடம்பும் சாப்பாடும் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைக்காதீர்கள். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. மகன் நம்பருக்குப் போட்டால் காலையிலும் "அப்பா தூங்கறார்", சாயங்காலமும் "அப்பா தூங்கறார்". கும்பகர்ணன்கூட ஆறு மாதம் விழித்திருந்தான் அண்ணே. கடிதத்திடம் யாரும் "தூங்கறார், அப்புறம் வா" என்று சொல்ல முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி கண்ணை மூடிய பிறகு வீட்டையும் மருந்துக் கடையையும் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். பத்து நாளில் வந்துவிடுவேன் என்றீர்கள். அதற்குள் நகரசபைக் கூட்டம் இரண்டு முடிந்துவிட்டது. போன கூட்டத்தில் நான் பழக்க தோஷத்தில் உங்கள் நாற்காலிப் பக்கம் விரலை நீட்டி, "இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்!" என்று எழுந்துவிட்டேன். எதை என்று தலைவர் கேட்டார். நாற்காலி ஒன்றும் பேசியிருக்கவில்லையே. அசடு வழிய உட்கார்ந்தேன். கூட்டம் முடியும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். இந்த ஊர் எனக்கு "வெளிநடப்பு" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறதே, அதற்கே இழுக்கு.

மற்றபடி, தலைவர் மேஜைக்குப் புது மணி வாங்கியிருக்கிறார். அதை அடித்தால் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் பதறிக்கொண்டு ஓடி வருகிறார். மெம்பர்கள் யாரும் அடங்குவதில்லை. உங்கள் ஆறு வருஷச் சண்டைக்காரர், அதுதான் சாக்கடைமேல் படிக்கட்டைக் கட்டிவிட்டு "இது சாக்கடையே இல்லை" என்று சாதிக்கும் நம் பேக்கரிக்காரர், அந்தப் படிக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பெயிண்டை என் கடையில் வாங்கவில்லை. அதனால் இந்த விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி.

உங்கள் வார்டில் பள்ளிக்கூட வாசல் சாக்கடை மூடி, நீங்கள் கிளம்பும்போது ஓரம் உடைந்திருந்ததே, இப்போது பாதி இல்லை. புது மூடிக்கான தீர்மானம் உங்களுடையது. "கம்பவுண்டர் வந்து பேசட்டும்" என்று இரண்டு முறையும் தள்ளி வைத்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் செகரட்டரி விதிப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆள். அவர் சொன்னார்: தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத மெம்பரின் பதவி தானாகப் போய்விடுமாம். மூன்றாவது கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. எப்படியாவது வந்துவிடுங்கள் அண்ணே. ஒரு ஓட்டெடுப்பிலாவது உங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். காலி நாற்காலியைத் தோற்கடித்தேன் என்று வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

பதிலை எதிர்பார்த்து,
உங்கள் எல்லாத் தீர்மானங்களையும் எதிர்த்த அன்புத் தங்கை.


அதே கடை,
வெள்ளிக்கிழமை போய் மறு வியாழன்.

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் தபால் அட்டை கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. மருந்துச் சீட்டு எழுதுகிற கையெழுத்தாயிற்றே, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "தங்கச்சி, சீட்டு போனால் போகட்டும். அந்த ஹாலுக்குள் நுழைந்தால் என் கண் பொதுமக்கள் பெஞ்சுக்குத்தான் போகும். அது காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை." படித்துவிட்டு, வெள்ளை கேட்ட ஆளுக்கு மஞ்சள் டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் வீட்டுச் சமையலறைக்கு இப்போது காமாலை.

அந்த பெஞ்சுக்கு மேலே "பொதுமக்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே தவிர, இத்தனை வருஷத்தில் அதில் வந்து உட்கார்ந்த ஒரே பொதுமக்கள் அண்ணிதான். பக்கத்தில் ஃபிளாஸ்க், மடியில் ஸ்வெட்டர் பின்னல். நீங்கள் குரலை உயர்த்தினால் அங்கிருந்து ஒரு இருமல் வரும். மேஜையைத் தட்டினால் இரண்டு. இரண்டாவது இருமலுக்கு நீங்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். தலைவருக்கு அப்போதெல்லாம் மணியே தேவைப்படவில்லை. எதிர் வரிசையில் இருந்த எங்களுக்கு அண்ணிதான் சபாநாயகர்.

அட்டையைப் படித்ததும் நேராக செகரட்டரியிடம் போனேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்து, "அஞ்சு மெம்பர் உள்ளே இல்லைன்னா கோரம் கிடையாது. அரை மணி பார்த்துட்டு ஒத்திவைக்கணும். அப்படி ஒத்திவைச்ச கூட்டம் கூட்டமே இல்லை. அதுக்கு யாரையும் 'வரலை'ன்னு கணக்கு எழுத முடியாது" என்றார். மின்விசிறிக்கு எதற்கு இந்த விவரமெல்லாம் என்று யோசித்தபடியே தெருமுனைவரை வந்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் மூளைக்கு எப்போதும் இரண்டு கோட் அடித்தால்தான் ஒட்டும்.

கணக்கு போட்டேன். மொத்தம் ஒன்பது மெம்பர், உங்களைக் கழித்தால் எட்டு. தலைவர் நடத்துகிறவர்தானே, அவரை எண்ணவேண்டாம் என்று விட்டேன், மீதி ஏழு. அதில் மூன்று பேர் வெளியே நின்றால் நாலு, கோரம் இல்லை. தையல்கார மெம்பரையும் டியூஷன் மாஸ்டரையும் பிடித்தேன். தையல்காரம்மா உடனே சரி என்றுவிட்டாள். மாஸ்டர் மட்டும், "வெளிநடப்புன்னா கொள்கை வேணுமேம்மா, நமக்கு என்ன கொள்கை?" என்றார். "வெளியே வாங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் ஹாலுக்குள் கால் வைக்கவே இல்லை. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வெளிநடப்பு செய்தது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே செகரட்டரி தலைகளை எண்ணுகிற சத்தம் கேட்டது. தலைவரிடம் ஆரம்பித்து, ஐந்து என்று முடித்தார்!

தலைவரும் ஒரு மெம்பர்தான் என்பது இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை அண்ணே. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவரிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன். தலைவர் மணியை அடித்தார், வாட்ச்மேன் ஓடினார். அவ்வளவுதான், உங்கள் சீட்டு போச்சு என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேக்கரிக்காரர் வெளியே வந்தார். பல்வலியாம், உட்கார முடியவில்லையாம். வாசலில் பிடித்திருந்தது இடது கன்னம். எங்கள் பக்கத்தில் வந்து நின்றபோது வலது கன்னம். "எந்தப் பல்லுங்க?" என்று கேட்டேன். "எந்தப் பல்லா இருந்தா உனக்கென்ன? நாலு பேர்தான் உள்ளே இருக்காங்க, வாயை மூடிக்கிட்டு நில்லு" என்று சீறினார்.

உங்கள் சீட்டை மச்சானுக்கு வாங்கிக் கொடுக்க அவர் கணக்குப் போடுவதாக ஊரெல்லாம் பேச்சு. பேசினது வேறு யார், பாதி நான்தான். அதனால் மனசு கேட்காமல், ஏன் எழுந்து வந்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் குழாயைத் திறந்தார், மூடினார். "என் படியை இடிக்கணும்னு ஆறு வருஷமா கத்தின மனுஷன். கத்தாமலே சீட்டு போச்சுன்னா தோத்த மாதிரி ஆயிடும்ல" என்றார். "யாரு, கம்பவுண்டர் அண்ணனா?" என்றேன். "நான்தான்" என்றார்.

அரை மணி ஆனது. செகரட்டரி ஒத்திவைப்பு என்று எழுதி மூடினார். தலைவர் வெளியே வந்து எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பேக்கரிக்காரரிடம், "பல்லுக்கு மருந்து வாங்கணும்னா கம்பவுண்டர் கடை பூட்டியிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் சிரிப்புதான். இதையெல்லாம் அன்றைக்கே எழுதி, "பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை" என்று பீற்றிக்கொள்ளத்தான் இருந்தேன். சோம்பலில் எழுதவில்லை. நேற்று நடந்ததையும் சேர்த்து எழுத வேண்டியதாகிவிட்டது.

பள்ளிக்கூடம் விடும் நேரம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கால் அந்த உடைந்த மூடிக்குள் போய்விட்டது. முட்டிவரை சிராய்ப்பு, நல்ல ரத்தம். டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு ஓடியிருக்கிறார். பூட்டு. அப்புறம் என் கடைக்கு வந்தார். என்னிடம் இருந்ததெல்லாம் டர்பன்டைன். நல்லவேளையாகக் குடிதண்ணீரும் இருந்தது. கழுவித் துணி கட்டினேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். அந்தக் குட்டி அழாமல் என்னை நிமிர்ந்து பார்த்து, "மூடி எப்ப போடுவீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். சபையில் யார் என்ன கேட்டாலும் பதிலுக்கு ஒன்பது கேள்வி வைத்திருப்பேனே, அவள் கேட்டதற்கு, கட்டின துணிக்கே இன்னொரு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒத்திவைத்த கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு. இந்த முறை நான் வெளியே நிற்க மாட்டேன் அண்ணே. முதல் ஆளாக உள்ளே போய் உட்காருவேன். பேக்கரிக்காரருக்கும் பல் வலிக்காது. உங்கள் சீட்டைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் காலைப் பணயம் வைக்க எங்களால் முடியாது. அண்ணி இருந்திருந்தால், வராந்தாவில் நின்ற என்னைப் பார்த்தே இரண்டு தரம் இருமியிருப்பார். அதனால் நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும். வராவிட்டால் மூடிக்கு நாங்கள் கை தூக்குவோம். அடுத்த நிமிஷம் செகரட்டரி மின்விசிறியைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்ப்பார்.

உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று அந்த பெஞ்சைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டுவிடலாமா என்று தலைவர் தனியாகக் கேட்டார். எதிர்த்தேன். பழக்கத்தில் அல்ல, யோசித்துத்தான். செவ்வாய்க்கிழமை அந்தக் குட்டியின் அம்மா வருகிறாளாம், டீச்சரும் இன்னும் நாலைந்து பேரும் வருகிறார்களாம். தீர்மானம் நிறைவேறுகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்களாம். அவர்கள் எங்கே உட்காருவார்கள்? பெஞ்சு காலியாக இருக்காது அண்ணே. அண்ணி இத்தனை வருஷம் தனியாக இடம் பிடித்து வைத்திருந்தது அவர்களுக்காகத்தானோ என்னவோ.

இருமல்தான் ஒரு குறை. மூன்று நாளாகக் கல்லாவில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். அண்ணிக்கு இருந்த அந்த நயம் எனக்கு வரவில்லை. லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் பயந்துபோய் இருமல் மருந்து வாங்கக் கிளம்பினார். திரும்பி வந்து, "கம்பவுண்டர் கடை பூட்டிக் கிடக்கு. இந்த ஊர்ல இனிமே யாரும் நோய்ல விழக்கூடாதுபோல" என்று அலுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வாருங்கள். எழுந்து நின்று அந்த மூடிக்காகப் பேசுங்கள், வழக்கம்போல மேஜையைத் தட்டுங்கள். கடமைக்கு நானும் எதிர்த்துப் பேசிவிட்டு, கடைசியில் கை தூக்கிவிடுகிறேன். இடையில் உங்கள் குரல் எகிறினால் எதிர் வரிசையிலிருந்து இருமல் வரும். அது நான்தான். என் இருமலுக்கெல்லாம் நீங்கள் உட்கார வேண்டியதில்லை அண்ணே; நீங்கள் பேசி முடிக்கும்வரை நான் இருமிக்கொண்டே இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது கடைச் சாவியை மறக்காதீர்கள்.

நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்ற வேண்டுதலோடு,
உங்கள் எதிர் வரிசைத் தங்கை.