இடமாக ஓடும் சம்பந்தி

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் இப்போது இருக்கிற இடத்திலாவது நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், பெண்ணைக் கொடுத்தவன் என்று, நான் உட்காரும்வரை நின்றுகொண்டே இருப்பீர்கள். எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை.

முதலில் நீங்கள் சிரிக்க ஒரு செய்தி. நான் ஓடுகிறேன். நாய் துரத்தி இல்லை, நானாகவே. ஷூ, அரை டிரவுசர் எல்லாம் உண்டு. பத்தாவதோடு படிப்பை விட்டு, அரியமங்கலம் பட்டறையில் லேத் முன்னால் நின்றே ஆயுசைக் கழித்தவனுக்கு ரிட்டையர் ஆன பிறகு இந்த ஆசை. இரண்டு முட்டியும் எண்ணெய் காணாத கீல் மாதிரிச் சத்தம் போடுகின்றன. ஓடுவதாகச் சொல்லிக்கொள்வது நான் மட்டும்தான். பால்காரர் என்னைப் பார்த்து, "என்ன சார், எங்க இவ்ளோ வேகமா நடந்து போறீங்க?" என்றுதான் கேட்கிறார்.

ஏன் ஆரம்பித்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா? முசிறியில் வாழைத்தார்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நெஞ்சைப் பிசைகிறது, வாயுவாகத்தான் இருக்கும் என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தீர்கள். உங்கள் பெண் மலர் போன் செய்தபோது, "ஒண்ணுமில்லம்மா, அசதி" என்றீர்களாம். நாங்கள் வந்தபோது நீங்கள் எழுந்து நிற்கவில்லை.

உங்கள் காரியம் முடிந்ததும் நானும் டாக்டரிடம் போனேன். இருதயம் பரவாயில்லை, தேய்மானம் முட்டியில்தான், மெதுவாக ஆரம்பியுங்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்றார். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் என் காதில் ஏறவில்லை.

ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளில் காலையில் நடக்கிறவர்கள் எல்லோரும் கோயிலை வலமாகத்தான் சுற்றுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோயில் பக்கம் முழுக்க வண்டிகள் நிற்பதால் வெளி ஓரமாகத்தான் ஓட முடியும். அந்த ஓரம் சாக்கடையைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. வலமாகப் போனால் இடது கால் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும். வலி உள்ளதும் அந்த முட்டிதான். ஒருநாள் திரும்பி இடமாக ஓடிப் பார்த்தேன். கொஞ்சம் சுகமாக இருந்தது.

ஊரே ஒரு பக்கம் வர, நான் ஒருத்தன் எதிரே போகிறேன். மடிசார் கட்டிய மாமி ஒருவர் வழிமறித்தார். "பெருமாள் கோயிலை இப்படி அப்பிரதட்சிணமா சுத்தப்படாது, திரும்புங்கோ." முட்டியின் கதையைச் சொன்னேன். "அப்போ ஆத்துலயே ஒக்காந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு அவர் வலமாகப் போய்விட்டார். நான் இடமாகவே ஓடினேன்.

மலர் தினமும் வாசலில் நின்று கேட்பாள், வலிக்கிறதா மாமா என்று. தினமும் இல்லை என்பேன். கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்ப்பேன். தைலத்தின் வாசனைக்குக் கதவு ஏது?

போன வாரம் வடக்கு உத்திர வீதியில் முட்டி பிடித்துக்கொண்டது. பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். போனும் வீட்டில். நேரமாகிறதே என்று மலர் தேடி வந்திருக்கிறாள். எல்லோரையும் போல வலமாக வந்தவள், எதிர்த்திசையில் போன எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவளைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து இரண்டு எட்டு ஓடிக் காட்டினேன், சம்பந்தி. அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"வலிக்குதா மாமா?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் குனிந்து என் முட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு."

எனக்கு எப்போதும் வாயில் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்று இல்லை. "வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது" என்றேன். அவள் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதாள். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நடந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் தெரிந்தது எனக்கு.

பெண் பயந்துவிடுவாள் என்றுதானே நீங்களும் மறைத்தீர்கள்? மறைத்ததால் அவள் பயப்படாமல் இருந்தாளா?

ஓட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இப்போது தொடைக்குப் பயிற்சி, முட்டிக்கு ஐஸ், ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்ச தூரம். கேட்டால், படி இறங்கும்போது குத்துகிறது, உட்கார்ந்தால் இல்லை என்று உள்ளதைச் சொல்கிறேன். சொன்ன பிறகு அவள் நிம்மதியாகச் சமையலைப் பார்க்கப் போகிறாள். வலி என்று கேட்டு ஒருத்தி நிம்மதி அடைவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முட்டியோ, நெஞ்சோ, எது வலித்தாலும் முதலில் உங்கள் பெண்ணிடம்தான் சொல்வேன். சோடா குடிக்க மாட்டேன்.

மலர் கேட்டால் உள்ளதைச் சொல்லும் மாமனார்,
உங்கள் சம்பந்தி.