வரைபடத்தின் கடைசிக் கட்டம்

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் காலாட்படை டிவிஷன் ஒன்றின் அமைப்பைக் காலையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தேன். மேலே மூன்று ரெஜிமென்டுகள், பிறகு பீரங்கிப் படை, குதிரை வைத்தியர்கள், எல்லாவற்றுக்கும் கீழே ரொட்டி சுடும் பிரிவு. அப்போது எதிர்வீட்டு செல்வி வந்தாள். போர் நடக்கும் ஒரு நாட்டில், ராணுவச் சமையலறையில் அவள் மகனுக்கு ரொட்டி சுடும் வேலையாம். நாளை ஏஜென்டிடம் கையெழுத்து, அப்படியே பயணம்.

"சாரே, ரொட்டி சுடுறவன சண்டைக்கு விடமாட்டாங்கல்லே?"

பென்சிலால் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். "இவங்க ரொம்பப் பின்னாலதான் இருப்பாங்க. பயப்படாதே."

"அப்போ எம் மோனுக்கு அடுப்புச் சூடு மட்டும்தான்" என்று சிரித்தாள். அங்கேயே நின்று, ஹோட்டலில் வேலையிலிருந்த மகனுக்குப் போன் போட்டாள். "சார் படம் போட்டே காட்டிட்டாரு. தைரியமா ஒப்புப் போடுடா."

நான் வரைந்தது போர் தொடங்கியபோது இருந்த அமைப்பு. ஆட்கள் குறைந்த பிறகு ரொட்டி சுட்டவர்களுக்கும் துப்பாக்கி கொடுத்து முன்னே அனுப்பினார்கள். எனக்கு அது தெரியும். அவள் சிரிக்கும்போதே நினைவுக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் முகம் அவ்வளவு தெளிந்திருந்தது.

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. ஜன்னலில் அவன் நிழல் குனிந்து நிமிர்கிறது. பெட்டி அடுக்குகிறான். பத்து அடி நடந்தால் போதும். இந்த வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்.