அண்ணன் தள்ள வந்தபோது

7 ஆகஸ்ட் 1976, சனிக்கிழமை

தூக்கம் வரவில்லை. தாமல் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததைச் சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். தறியை விட்டு எழுந்து வந்தார். "தெனம் பஸ் ஏறிப் போயிக்கினு வந்துக்கினு இருப்பியா? ஊர் என்னா பேசும்?" என்று கத்தி, வழக்கம்போல என் தோளைப் பிடித்துத் தள்ள வந்தார்.

டீச்சர் பயிற்சி விடுதியில் என் அறைத்தோழி மேரி கராத்தே தெரிந்தவள். அவள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். எதிர்த்துத் தள்ளாமல், ஒரு காலைப் பின்னால் வைத்து உடம்பைத் திருப்பி, அவர் கையை ஓரமாக ஒதுக்கிவிட்டேன். வந்த வேகத்தில் அண்ணன் சுவரில் கையூன்றி நின்றார். அடி ஒன்றும் படவில்லை.

"இனிமே என்மேல கை வெக்காதேண்ணா. திங்கக்கெழம நான் வேலைக்குப் போறேன்" என்றேன். அவர் தறிக்குத் திரும்பிவிட்டார்.

பாத்திரம் கழுவும்போது அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அந்தக் கைகளால் தள்ளப்பட்டவள்தான். "காலை எப்படிம்மா வெச்சே? எனக்கும் ஒரு தபா காட்டேன்" என்றாள்.

கொல்லையில் நின்று காட்டினேன். புடவை தடுக்கி இருவரும் விழுந்தோம். நாளைக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருகிறாளாம்.