மூன்று எண்ணியும் வெட்டாதவன்

அன்புள்ள பிரோனி,

நீயும் பிள்ளைகளும் அந்தப் பனியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முட்டிவலி தேவலை, ஆப்பிளும் ஆலங்கட்டி மழைக்குத் தப்பிவிட்டது, எனக்குத்தான் ஒன்பது நாளாக ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை, துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன்.

உன் தம்பி டார்சி என்னோடு பேசுவதில்லை. காது கேளாதவன் கையால் பேசுவதையும் நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்? தப்பு என்னுடையதுதான். ஹேண்டிகேப் என்ற சொல்லை அவனைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று போன கடிதத்தில் கடிந்துகொண்டாய், உன் டொராண்டோவுக்கு அது சரி, ஆனால் நம் டாஸ்மேனியாவில் மரம் வெட்டும் போட்டிக்காரன் ஏங்குவதே அதற்குத்தானே, மறந்துவிட்டாயா? கெட்டிக்காரன் எத்தனை விநாடி பொறுத்து வெட்டத் தொடங்க வேண்டுமோ அதுதான் அவன் ஹேண்டிகேப், எண் கூடக் கூட மதிப்பு. இந்த முறை பதினைந்து வாங்கிவிடுவது என்று குளிர்காலம் முழுக்க வெட்டிப் பழகினான். நானோ எண் போடும் கீத்திடம் போய், கொஞ்சம் பாத்துப் போடு, பாவம்ல, என்று கெஞ்சினேன். அதுக்கென்ன மேவிஸ், காது கேக்காத புள்ள, மூணு போட்டுடறேன், என்றார். அதோடு விடாமல், உங்கம்மா கேட்டாங்க என்று அவனிடமே எழுதியும் காட்டிவிட்டார்.

போட்டியன்று நடுவர் உரக்க எண்ண, அப்பா எதிரே நின்று விரல் காட்டினார். மூன்று விரல் காட்டியும் டார்சி கோடரியைத் தூக்கவில்லை. வெட்டுடா மடையா என்று கூட்டம் கத்தியது, யாருக்குக் கேட்க! பக்கத்துக் கட்டையில் பதினெட்டு வாங்கிய ராய் தொடங்கியபோதுதான் இவனும் தொடங்கினான். கடைசியாக வந்தான், பிரோனி, எல்லோருக்கும் கடைசி. கோடரியைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் வந்து கையால் சொன்னான், தோக்கறதையாவது எனக்கு விடும்மா, என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அடுத்த போட்டிக்குப் பட்டியல் வந்திருக்கிறது, அன்று அவன் வெட்டிய வேகத்தைக் கீத் பார்த்திருக்கிறார், அவனுக்குப் பதினைந்து. சந்தோஷம் என்று சொல்லப் போனால் எழுந்து வெளியே போகிறான். சும்மா இரு, தானே வருவான், என்கிறார் அப்பா, சும்மா இருக்கத் தெரிந்தவளா நான்?

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும், சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போடு. டார்சிக்கு எழுதுவாய், எழுது. ஆனால் அம்மா பாவம் என்று எனக்காக ஒரு வரிகூடப் பரிந்து எழுதிவிடாதே.

உன் அம்மா,
மேவிஸ்