பன்னிரண்டாம் தடவை வந்த செவலைப் பசு

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

எங்கள் பாப்பாரப்பட்டி வாட்ஸப் குழுவில் காலையில் வந்தவை: குட்மார்னிங் ரோஜா முப்பத்தொன்று. இஞ்சிச் சாறு குடித்தால் சர்க்கரை ஓடிவிடும் என்ற செய்தி ஆறு. காசியம்மாளின் செவலைப் பசு ஒன்று. பசு இதோடு பதினோராம் தடவை. சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாளிலிருந்து தினமும் அதே படம், அதே வரி: “நிறைமாசம். நெத்தியில வெள்ளை. பாத்தவங்க சொல்லுங்க.”

அட்மின் நான் சும்மா இருப்பேனா? சட்டம் போட்டேன்: ஒரு தடவை வந்தது மறுபடி வந்தால், போட்டவர் வெளியே. கீழே ஐம்பது கட்டைவிரல். கலெக்டர் ஆன மாதிரி இருந்தது.

7 ஆகஸ்ட்

குழுவில் ஈ, காக்கை இல்லை. போரடிக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரே ஆள், பாலக்கோடு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தாவூது. அவருக்கும் சட்டத்தை அனுப்பினேன். “சரிங்கண்ணே” என்றார்.

11 ஆகஸ்ட், திங்கள்

என் மனைவி அமுதவல்லி ரேஷன் கடையிலிருந்து உர்ரென்று வந்தாள்.

“காசியம்மா க்யூவுல நின்னு அழுவுதுங்க. ‘அண்ணன் வேணாம்னுட்டாரு, அதான் படம் போடல’ங்குது. அந்த மாட்டுப் பால்லதான் அது வூட்ல அடுப்பெரியுது.”

சட்டம் எல்லாருக்கும் பொது என்று ஆரம்பித்தேன்.

“உங்க மொட்டைத்தலை ஜோக்க மூணு தடவ போட்டீங்களே, உங்கள யாரு வெளிய தள்ளுனது?”

மூன்று தடவையா? தேடிப் பார்த்தேன். நாலு! நாலு தடவையும் முதலில் சிரிப்புப் பொம்மை போட்டது காசியம்மாள். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டலையே அந்தப் பொம்பள — சே.

செவலையைப் பன்னிரண்டாம் தடவையாக நானே போட்டேன்.

பத்தே நிமிடம். தாவூது போன்.

“அண்ணே, இந்த மாடு என் கடை வேப்பமரத்தடியிலதான் நிக்குது. ரெண்டு வாரமா தீவனம் போடறேன்.”

“யோவ், குரூப்புல சொல்றதுக்கென்ன?”

“புதுசா சேந்தவன்ங்க நானு. பழைய மெசேஜ் ஒண்ணும் தெரியல. ஏற்கெனவே வந்திருந்தா தள்ளிருவீங்களேன்னு பயம்.”

தொலைத்தவள் வாயையும் கண்டெடுத்தவர் வாயையும் ஒரே சட்டத்தில் கட்டியிருக்கிறேன். என்ன மூளை எனக்கு!

12 ஆகஸ்ட்

செவலை காசியம்மாளின் கழுத்தை நக்கி நக்கி ஈரமாக்கிவிட்டது. அவள் தாவூதைக் கும்பிட்டாள். பிறகு என்னையும். “நீங்க போட்டதாலதானே அண்ணா.” திட்டியிருக்கலாம்.

20 ஆகஸ்ட், புதன்

கிடாரிக் கன்று. சீம்பால் முதலில் தாவூது வீட்டுக்கு, அடுத்து எங்களுக்கு. தகுதியில்லாத வாய்க்கு அவ்வளவு ருசி.

சட்டத்தை அழித்துவிட்டேன். கன்றுக்குட்டிப் படம் இன்று மட்டும் இருபத்துமூன்று தடவை வந்தது. அதில் நாலு என்னுடையது.

மொட்டைத்தலை ஜோக்கை ஐந்தாம் தடவை போட்டேன். முதல் சிரிப்பு காசியம்மாள். இரண்டாவது தாவூது — பாவம், அவருக்கு அது புதுசு.