துரையைப் பல்கனியில் வைத்தவன்

என்னைத் தம்பி என்று கூப்பிட்டே பழகிய ஞானம் அண்ணைக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்துநாலு நாள். முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா, நினைவு மலர் அச்சடிக்கிறார். "அவரோடை ஒரே வீட்டிலை இருந்தனீர்தானே ரவி, ஒரு பக்கம் எழுதித் தாரும்" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். எல்லாவற்றிலும் உங்கள் நல்ல குணங்கள் வரிசையாக இருந்தன. நான் செய்தது எதிலும் இல்லை.

இங்கே புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதிய மரக்கறிக்கடைப் பெயர்ப்பலகை இன்னும் நிறம் மங்காமல் இருக்கிறது. கடைக்காரர் கடையை விற்கப் போகிறாராம், பலகையை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாராம். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அண்ணை, உங்களிடம் இருந்தது பெயர்ப்பலகை எழுதும் கை மட்டுமா?

மலரை வாசிக்கப்போகிற பலருக்குத் துரையைத் தெரியாது. அகதியாக வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் ஒற்றை அறை வீட்டில் நாங்கள் நாலு ஆம்பிளைகள் இருந்தோம். ஐந்தாவது ஆள் துரை, பச்சை இகுவானா. மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பெண் வீடு மாறும்போது, கண்ணாடித் தொட்டியோடும் சூட்டு லைற்றோடும் அதை உங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். எங்கள் உடும்புக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரித் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் கறிக்கு எத்தனை கரண்டி தூள் போடலாம் என்று உங்கள் காதில் விழப் பேசினார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தொட்டியை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டீர்கள்.

பெயரும் நீங்கள் வைத்ததுதான். நூலகத்தில் ஒரு ஓவியப் புத்தகம் எடுத்து வந்தீர்கள். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் ஓவியர் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வொம்பாற் ஒன்றை வளர்த்தாராம். பன்றிக்குட்டிக்கும் கரடிக்குட்டிக்கும் நடுவான ஒரு பிராணி. விருந்தாளிகள் சாப்பிடும் மேசையிலேயே அது நித்திரை கொள்ளுமாம். கொஞ்சக் காலத்தில் அது செத்துப்போக, அதன் பக்கத்தில் கைக்குட்டையால் முகத்தை மூடித் தான் அழுவதைத் தானே வரைந்து வைத்தாராம். அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்து பிரிஜ் கதவில் ஒட்டினீர்கள். "ஆக்கள் பாத்துச் சிரிப்பினம் எண்டு தெரிஞ்சும் கீறினார் பார் தம்பி, அதுதான் மனுசன்" என்றீர்கள். அந்த லண்டன் துரையின் நினைவாகத்தான் இவரும் துரை.

வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் துரையை வரைந்தீர்கள். வெயில் காய்கிற துரை, கீரை தின்கிற துரை, ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்களை மதிக்காத துரை. கட்டிலுக்குக் கீழே படங்கள் சுருள் சுருளாகச் சேர்ந்தன. மண்டபம் ஒன்று எடுத்து எல்லாவற்றையும் காட்சிக்கு வைப்பது உங்கள் எண்ணம். அக்கா கொழும்பிலிருந்து வந்து சேரட்டும் என்று காத்திருந்தீர்கள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நவம்பர். ஒரு கலியாணத்துக்கு மணவறைச் சீலையில் படம் கீற மொன்றியல் போயிருந்தீர்கள். துரையை என்னிடம் ஒப்படைத்திருந்தீர்கள். அடுத்த நாள் கதவில் ஒரு கடிதம் செருகியிருந்தது: கட்டடத்து மேற்பார்வையாளர் அன்றைக்கே வீடு பார்க்க வருகிறார். என் அகதி வழக்கு விசாரணைக்கு அப்போது பதினொரு நாள் இருந்தது.

அந்த நாட்களில் எங்களுக்கு எல்லாமே 'கேஸைப் பாதிக்கும்'. சத்தம் போட்டால் பாதிக்கும், பஸ் ரிக்கற் தொலைந்தால் பாதிக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டில் உடும்பு மாதிரி ஒன்று இருக்கிறது என்று அவர் எழுதி வைப்பார், அது இமிக்கிறேசனுக்குப் போகும், என்னைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். மற்ற இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். துரையை ஒரு மட்டைப்பெட்டிக்குள் விட்டு, மேலே துவாய் ஒன்றைப் போட்டு, பல்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அரைமணித்தியாலம்தானே என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு வருவதாக எழுதியிருந்தவர் இரண்டு மணிக்கு வந்தார். நாலு மணித்தியாலமும் நான் கதவடியிலேயே நின்றேன். எந்த நிமிடமும் தட்டுவார் என்ற பயத்தில் பெட்டியை உள்ளே எடுக்கவில்லை. வந்தவர் புகை எச்சரிக்கை மணியை அமத்திப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "உங்கள் பல்லியார் எங்கே? ஞானம் எனக்கு அவரைக் காட்டியிருக்கிறார்" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். சிநேகிதர் வீட்டில் விட்டிருக்கிறோம் என்று சொன்னேன். அதுதான் என் முதல் பொய்.

அவர் போனதும் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். துரை கறுத்துப்போய் விறைத்துக் கிடந்தார். தட்டினேன், அசைவில்லை. எங்கள் மாடி நடைபாதை முடிவில், குப்பையை நேரே கீழ்த்தளத்துக்கு விழுத்துகிற குப்பைக் குழாயின் கதவைத் திறந்து பெட்டியோடு உள்ளே விட்டேன். பதினொரு மாடியும் அது இடிபட்டுப் போன சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் வந்ததும், காலையில் எழும்பிப் பார்த்தேன், தொட்டிக்குள் செத்துக் கிடந்தது என்றேன். எங்கே புதைத்தாய் என்று கேட்டீர்கள். உங்களைக் கட்டடத்துக்குக் கிட்ட இருந்த பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய் ஒரு மரத்தடியைக் காட்டினேன். நீங்கள் குந்தியிருந்து அந்த மண்ணைத் தடவினீர்கள். "நான் போறதுக்கு முதல்நாள் அதின்ரை லைற்றைக் கழட்டி வைச்சுக் கீறினனான் தம்பி. ரண்டு மணித்தியாலம். அந்தக் குளிர்தான் அதைச் சாக்காட்டினது" என்றீர்கள்.

இல்லை அண்ணை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குப் பின்னேரம் சுருள்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அதே குப்பைக் குழாயில் போட்டீர்கள். கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். அதற்குப் பிறகு நீங்கள் பெயர்ப்பலகைகளில் எழுத்து எழுதினீர்கள், படம் கீறவில்லை. கேட்டால், கை வழங்குதில்லை என்பீர்கள். வருடா வருடம் நவம்பரில் கீரையோடு அந்த மரத்தடிக்குப் போனீர்கள். நானும் கூட வந்தேன். என்ன நெஞ்சு அண்ணை எனக்கு?

கேஸ் வென்று எனக்குப் பேப்பர் கிடைத்த பிறகு, மனச்சாட்சியைச் சமாளிக்க, உங்களுக்கு இன்னொரு இகுவானா வாங்க ஸ்காபரோவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அக்கறையாகச் சொல்லித் தந்தார். குளிர் பட்டால் இது செத்ததுபோல விறைத்துவிடும், பயப்படாதே, மெதுவாகச் சூடு காட்டு, பெரும்பாலும் எழும்பிவிடும் என்றார். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். துரை செத்த பிறகுதான் அந்தக் குழாய்க்குள் விழுந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் நாலு வருடம் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போதும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் உங்கள் செத்தவீட்டில் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "கடிதத்திலை எல்லாம் ஏதாவது கீறி அனுப்புறவர். நான் தை மாதம் வந்து சேர்ந்தாப் பிறகு ஒரு கோடு கீறேல்லை. வீட்டுச் சுமையை நான்தான் அவரின்ரை தலையிலை ஏத்திப்போட்டன் போலை ரவி." துரையைப் பற்றி நீங்கள் அவரிடம் மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. செய்யாத குற்றத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டே போய்விட்டீர்கள். இப்போது அதைத் தன் குற்றம் என்று அவர் தூக்கி வைத்திருக்கிறார்.

நீங்கள் மன்னிப்பீர்களா என்று கேட்கமாட்டேன். நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தாளோடு அக்காவிடம் போவேன். அவர் கதவைத் திறந்ததும், வாசலில் சப்பாத்தோடு நின்றபடியே சொல்லிவிடுவேன். உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டாரென்றால் எனக்குத் திரும்பவும் வாய் வராது. மலரில் இதைப் போடுவதா விடுவதா என்பது அவருடைய முடிவு.

இன்னும் உங்கள் தம்பிதானா என்று தெரியாத,
ரவி