சாம்பலும் சுவரோரத்து இடமும்

திமோனா
தம்மூஸ் மாதம், திங்கட்கிழமை

அன்பு மகன் அம்ராமுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நீயும் மருமகளும் குழந்தையும் மான்ட்ரியலில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு இரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, எனக்குத்தான் ஏறிக் கிடக்கிறது. மெஸோதி அத்தை போன செய்தியைப் போனில் சொன்னபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், நீதான் அகப்பட்டாய், பொறுமையாகப் படி.

அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த ஓய்வுநாளில்தான் ஜெபஆலயத்தில் சிவப்புக் கிடாரி அதிகாரத்தை வாசித்தார்கள். நுகமே வைக்காத, உடம்பில் வேறு நிற மயிர் இல்லாத கிடாரியை எரித்து அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் பிணத்தீட்டுப் பட்டவன் சுத்தமாகிறான், ஆனால் அதை எரித்தவனும் அள்ளியவனும் தீட்டாகிறார்கள். இதன் அர்த்தம் சாலொமோன் ராஜாவுக்கே விளங்கவில்லை என்று ரபி ஹலீவா வருஷா வருஷம் சொல்வார், ஆண்கள் எல்லாம் பெரிதாகத் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அந்தச் சாம்பல் இல்லாம போயி ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. இப்ப உலகத்துல எல்லாருமே தீட்டுதான், உங்களையும் சேர்த்து. அப்புறம் ஆசாரிய வம்சத்துச் சுத்தம்னு எதைப் பொத்திப் பொத்திக் காப்பாத்தறீங்க" என்று கேட்டேன். அதற்கு அவர், "எனக்கு அர்த்தம் தெரியாது ஃப்ரேஹா. அர்த்தம் தெரிஞ்சாத்தான் செய்வேன்னு இருந்திருந்தா உன்னைக் கட்டியிருக்கவே மாட்டேன்" என்று சிரித்தார். சிரிப்பு அன்றோடு சரி.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் வந்து கையை விரித்துவிட்டார். உன் அப்பா உடனே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். அவர் அந்தக் காலத்தில் ஆலயத்தில் பலியிட்ட ஆசாரிய வம்சம், அந்த வம்சத்தான் பிணம் இருக்கும் கூரைக்கடியில் இருக்கக் கூடாது, அது எனக்குத் தெரியாதா. பெற்றவர்கள், பிள்ளைகள், மனைவி, கூடப்பிறந்த சகோதரன், கல்யாணமாகாத சகோதரி, இவர்களுக்காக மட்டும்தான் தீட்டுப்படலாம். அத்தைக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே! என்ன கல்யாணம், காஸாபிளாங்காவில் மோதிரம் போட்ட வருஷமே மார்ஸேய்க்குக் கப்பலேறி, அங்கிருந்து விவாகரத்துச் சீட்டை அனுப்பினவன். அதற்குப் பிறகு அவள் ஆயுசெல்லாம் நம் வீட்டில்தானே கழிந்தது. உன்னைக் குளிப்பாட்டியவள், உன் அப்பாவுக்குச் சட்டை தேய்த்தவள், என் அடுப்படியில் நான் போட்ட சீரகத்தின்மேல் இன்னொரு பிடி சீரகம் போட்டு என் உயிரை வாங்கியவள். அந்த ஓடிப்போனவன் பெயரைச் சொல்லி இவள் இன்னொருவன் வீட்டுப் பெண்ணாம்.

அவள் கண்ணைத் திறந்து, "மக்லூஃப் எங்க" என்று உன் அப்பாவைக் கேட்டாள். வாசலில்தான் இருக்கிறார் என்றேன். "வெயில்லயா ஒக்காந்திருக்கான், தொப்பி போட்டுக்கச் சொல்லு" என்றாள். நான் வெளியே போய் அப்பா தலையில் தொப்பியை வைத்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி உள்ளே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் அடக்கச் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து அவளைக் கழுவி வெள்ளை உடுத்தினோம்.

சாயங்காலமே அடக்கம். அடக்கச் சங்கத்து ஹனான்யா வந்து தெருவில் நின்றே சொன்னார், கல்லறைத் தோட்டத்தில் சாலையோரச் சுவரை ஒட்டிய வரிசை ஆசாரியர் குடும்பங்களுக்கு, உள்ளே கால் வைக்கக் கூடாத வீட்டு ஆண்கள் வெளியே நின்றே பார்க்கட்டும் என்று விட்டது, அதில் உன் அப்பாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஒதுக்கிய இடங்களைத் தவிர வேறு பாக்கியில்லை, மெஸோதிக்குப் பின்பக்க மேட்டில்தான் கிடைக்கும் என்று. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, "அந்த மேடு ரோட்டுலேர்ந்து தெரியுமா ஹனான்யா" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று அவர் சொன்னதும் சரி என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் "சரி"யைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது. அவர் கத்துகிற மனிதனாக இருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன். ஹனான்யாவை மூலைவரை வழியனுப்பப் போகிறவள் மாதிரிக் கூடவே போய், "அவளை என் இடத்துல வைங்க" என்றேன். "அப்ப உனக்கு?" என்றார். "எனக்கு மேடு போதும், காத்தாவது வரும்" என்றேன். அப்படியே நடந்தது. அப்பா சாலையில் நின்று சுவருக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்தார், அழுதார். அந்த வரிசையில் எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

துக்கம் விசாரிக்க ரபி வந்தபோது விடவில்லை நான். தரை துடைக்கிற துணி அழுக்காகாமல் தரை எப்படிச் சுத்தமாகும், இதைப் போய்ப் பெரிய புதிர் என்கிறீர்களே என்றேன். அவர் புதினா டீயை ஆற்றிக்கொண்டே, "துணி அழுக்கைத் தொடுது, அழுக்காகுது, சரி. இங்க சாம்பலும் சுத்தம், அதைத் தொட்டவனும் சுத்தம். அவன் ஏன்மா தீட்டாகணும்? இதுக்கு உன் துணி பதில் சொல்லுமா?" என்றார். அவர் கேட்டது சரியாக இருந்ததால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அதே நேரம் பார்த்து ஹனான்யா, "உன் பொண்டாட்டி மாதிரி யார் இடத்தை விட்டுக் கொடுப்பா" என்று அப்பாவிடம் உளறிவிட்டார். வந்தவர்கள் எல்லாம் போனபிறகு அப்பா, "என்னைக் கேட்டியா? நான் உன் பக்கத்துலதானே படுக்கணும்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தினமும் சாயங்காலம் சாலையில் போய் நின்று சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவோடு பேசிவிட்டு வருகிறார், வீட்டுக்கு வந்தால் வாயில் பூட்டு. இடத்தை விட்டுக் கொடுத்தது நான், கோபம் அவருக்கு! நான் செய்ததில் தப்பென்ன என்று நீயே சொல். யோசித்துச் சொல்ல வேண்டாம், எனக்குச் சாதகமாகச் சொல்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குழந்தைக்குக் காது மூடும் குல்லா போடு, அந்த ஊர்க் குளிரை நினைத்தாலே எனக்குப் பல் கிட்டுகிறது. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ஆனால் இதையெல்லாம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. உனக்கு வருகிற கெடுதல் எல்லாம் என்மேல் வரட்டும், நீ நூறு வயது நன்றாயிரு.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீயும் அந்த வம்சம்தான். அம்மாவுக்காக உள்ளே வர உனக்கு அனுமதி உண்டு, ஆனால் மண் மூடுகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் நீ சாலையில், நான் மேட்டில், அங்கிருந்து ஒன்றும் தெரியாது. அதனால் சொல்லியனுப்பியதும் கிளம்பி வந்துவிடு. மெதுவாக மூடச் சொல்.

உன் அம்மா
ஃப்ரேஹா